பெயரை மாற்றினால் கணக்கு மாறுமா?

இந்தக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என்னைப் பற்றி யாராவது முன்னமே சொல்லியிருப்பார்கள். "அந்த மிஸ் ஒண்டையும் நம்பமாட்டா" என்றிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தேத்தண்ணீரில் சீனி போட்டாயிற்று என்று சொல்லித் தந்தாலும் நான் கலக்கிப் பார்த்துத்தான் குடிப்பேன். ஓய்வுபெற்ற பிறகாவது இந்தக் குணம் போகும் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. இப்போது பென்சன்காரியின் சந்தேகம் என்று இன்னும் கூடிப்போயிருக்கிறது.

பழைய கணினி மொழிகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதுகளை நான் மனிதரைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்து வந்திருக்கிறேன். இவன் யாரை நம்புகிறான், எந்த அளவுக்கு நம்புகிறான் என்பதுதான் என் முதல் கேள்வி. கோபோலை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம், களஞ்சியம், வரி என்று கந்தோர் வேலைக்காகவே பிறந்த மொழி அது. ஒருவரையும் நம்பாது. ஒரு பெயரை வைத்தால் அதற்குள் எத்தனை எழுத்து வரும், தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் வரும் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அதைப் பிடிக்கும். பாஸ்கல் மாணவருக்கு ஒழுங்கு பழக்க வந்தது. அதுவும் அறிவிக்காத பெயரை உள்ளே விடாது. பேசிக், கணினியைத் தொடவே பயப்படுகிறவர்களுக்காகச் செய்தது. எதை எழுதினாலும் சிரித்துக்கொண்டு ஓடும், அதனால் நான் தள்ளியே நின்றேன். லிஸ்ப் என்று ஒன்று, இயந்திரத்தை யோசிக்க வைக்கலாம் என்று நம்பியவர்களுக்கு. மட்டக்களப்பில் அதை வேலைக்குப் பாவித்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போர்ட்ரான் கணிதக்காரருக்காகவும் பொறியியலாளருக்காகவும் வந்தது. வேகமாகக் கணக்குப் போடும். ஆனால் ஆளை நம்பும். நம்பிக்கொண்டு, ஆள் சொல்லாமல் விட்டதைத் தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தால் ஒரு பெண்பிள்ளையின் வேலையும் மானமும் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த ஒரு மாரி. நான் முன்பு வேலை செய்த கந்தோரின் பொறுப்பதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், ஒருக்கா வந்து பாக்கேலுமா? வாவி நிரலில கை வச்சிரிக்காங்க. ஆரெண்டும் தெரியும். நீங்க பாத்து ஒரு அறிக்கை எழுதித் தந்தா நான் மேல அனுப்பிருவன்."

யாரென்று தெரியுமென்றால் என்னை எதற்குக் கூப்பிடுகிறார்? அவருக்குத் தேவைப்பட்டது என் மூளையா, கையெழுத்தா? குடையை எடுத்துக்கொண்டு போகும்போதே எனக்கு அவர் மேல் சந்தேகம் தொடங்கிவிட்டது.

வாவி நிரல் என்று அவர் சொன்னது என்னவென்று சொல்கிறேன். வாவி கடலோடு சேருகிற இடமான ஆற்றுவாயை மணல்திட்டு மூடிக் கிடக்கும். மாரியில் வாவி நிரம்பினால் மேற்குக் கரையான படுவான்கரையின் வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், தண்ணீர் ஏறி வேளாண்மை அழுகும். அதற்குமுன் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுபோய் ஆற்றுவாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். வேளாண்மைக்காரர் நேரத்தோடு வெட்டு என்பார்கள். வாவியில் மீன் பிடிப்பவர்கள் பொறு என்பார்கள். முந்தி வெட்டினால் வளராத இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. எனவே நாளைக்கு வாவி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்த்து, அளவுகோலில் குறித்த வெட்டுக்கோட்டைத் தாண்டும் என்றால் வெட்டுவது, இல்லையென்றால் பொறுப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைச் செய்தது ஒரு பழைய போர்ட்ரான் நிரல். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதே என்று வைத்திருந்தார்கள்.

அந்த மாரியில் முதல் பெருமழைக்கு நிரல், தண்ணீர் ஏறாது என்றது. பொறுத்தார்கள். வெல்லாவெளிப் பக்கத்தில் வட்டைகள் தண்ணீரில் மூழ்கிப்போயின. இப்போது மறுபடியும் மழை. அன்று காலையிலும் நிரல், ஏறாது என்றே சொன்னது. மத்தியானத்துக்குள் பெக்கோவை அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.

நான் போனபோது அறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வெல்லாவெளியிலிருந்து வட்டவிதானை வந்திருந்தார். வட்டையின் நீர்ப்பாய்ச்சலைப் பார்க்க விவசாயிகளே தெரிவுசெய்கிற ஆள் அவர். மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றார், தரையெல்லாம் ஈரம். எதிர்ப்பக்கத்தில் செட்டிபாளையத்து மீன்பிடிச் சங்கத்திலிருந்து ஓர் இளைஞர். சுவரோரமாக, கணினி இல்லாத ஒரு மேசையில் வினோதினி இருந்தாள். நிரலைப் பார்க்கும் பொறுப்பு அவளுடையது. வேலைக்கு வந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுடைய கணினியைப் பொறுப்பதிகாரி எடுத்துத் தன் மேசையில் வைத்திருந்தார். அந்த இளைஞர் அவளுடைய அண்ணன். வீட்டில் எல்லோரும் வாவித்தொழில்.

இனி நீங்களே யோசித்துப் பாருங்கள். நிரலை மாற்றியவள் அவள். அவள் மாற்றிய பிறகுதான் கணக்குப் பிழைத்தது. பிழைத்ததால் ஆற்றுவாய் வெட்டுவது பிந்தியது. பிந்தியதால் லாபம் அவள் வீட்டுக்கு.

வட்டவிதானை என் பக்கம் திரும்பினார்.

"பிழை எண்டா ரெண்டு பக்கமும் விழோணும் தங்கச்சி. ஒருக்கா கூடச் சொல்லும், ஒருக்கா குறையச் சொல்லும். இது ஒருநாளும் கூடச் சொன்னயில்ல. எல்லாம் குறையத்தான். அதென்ன பிழ, ஒரு பக்கமாப் பாத்து விழுற பிழ?"

நல்ல கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இந்த மனிதர் கணினி படித்திருந்தால் என் வேலை அவருக்குத்தான் போயிருக்கும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

"வாய அளந்து கதைங்க" என்றார் வினோதினியின் அண்ணன். "கள்ளக்கணக்குப் போடுறத்துக்கா எங்கட பிள்ள படிச்சு வந்த?"

"நான் பிள்ளயச் சொல்லல்ல. கணக்கச் சொல்றன்."

"கணக்க எழுதின ஆரு?"

நான் வினோதினியிடம் போனேன். அவள் அழுதிருந்தாள், இப்போது அழவில்லை.

"என்ன மாத்தினாய் பிள்ள?"

"பேர மட்டுந்தான் மிஸ். கணக்கில ஒண்டையும் தொடல்ல."

பொறுப்பதிகாரி சிரித்தார். "கேட்டீங்களா மிஸ்? பேர மாத்தினாக் கணக்கு மாறுமா? இதத்தான் நாலு தரமா மறுகா மறுகாச் சொல்லிட்டிருக்கா."

அவள் ஏன் பெயரை மாற்றினாள் என்பதுதான் இதில் கொடுமை. போன கூட்டம் ஒன்றில் இதே வட்டவிதானைதான் எழும்பி, எல்லாம் இங்கிலீசில் கிடக்கிறது, எங்களை ஏய்க்கத்தானே என்று கேட்டிருக்கிறார். அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அவள் நிரலுக்குள் இருந்த ஆங்கிலப் பெயர்களை எல்லாம் தமிழாக்கினாள். அந்தப் பழைய நிரல் ஆங்கில எழுத்தைத்தான் வாங்கும், அதுவும் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் வாங்காது. அதற்குள் தமிழை மடித்து மடித்து வைத்திருந்தாள். திரையில் போட்டுக் காட்டினால் ஊர்ச்சனம் வாசித்து விளங்கிக்கொள்ளும் என்று அவளுக்கு நம்பிக்கை.

பக்கத்து மேசைப் பெண் என் காதுக்குள் சொன்னாள். "வினோ அப்பிடிப்பட்ட பிள்ளயில்ல மிஸ்."

"நீ நிரலத் திறந்து பாத்தயா?"

"இல்ல மிஸ். எனக்கு அவளத் தெரியுந்தானே."

பொறுப்பதிகாரியிடமும் அதையே கேட்டேன். அவரும் திறந்து பார்க்கவில்லை. அவருக்கும் அவளைத் தெரியுமாம். நம்பிய ஆளும் வாசிக்கவில்லை, நம்பாத ஆளும் வாசிக்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டல், பெருக்கல், சூத்திரம் எல்லாம் வரிவரியாகப் பார்த்தேன். எழுத்து மங்கிக் கிடந்த பழைய காகிதப் பிரதியோடு ஒப்பிட்டேன். ஓரிடத்திலும் கை வைத்திருக்கவில்லை. உண்மையில் பெயர்கள் மட்டும்தான் மாறியிருந்தன. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பொறுப்பதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாளைக்கு ஏறப்போகிற தண்ணீரைக் குறிக்க அவள் NEER என்று வைத்திருந்தாள்.

"இதுக்கு முந்தி என்ன பேர்?"

"XINCR மிஸ். முன்னுக்கு ஒரு X சும்மா கிடந்த. ஆரோ தட்டுப்பிழ விட்டதெண்டு நினைச்சன்."

அந்த இடத்தில் எனக்குக் கை நின்றது. சும்மா கிடந்த X. போர்ட்ரான் எழுதியவன் சும்மா ஒரு எழுத்தைச் செலவழிக்கமாட்டான், அதுவும் ஆறே எழுத்துக்குள்.

கணிதக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணுகிற பொருளுக்கு i, j, k, n என்று பெயர் வைப்பார்கள். அவர்களுக்காகப் பிறந்த போர்ட்ரான் அந்தப் பழக்கத்தையே சட்டமாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் வேறு விதமாக அறிவிக்காவிட்டால், I முதல் N வரை உள்ள எழுத்துகளில் தொடங்கும் எந்தப் பெயருக்குள்ளும் முழு எண்தான் நிற்கும். தசமத்தை வெட்டி வீசிவிடும். கேட்காது, சொல்லாது, பிழை என்று காட்டாது. நிரலை எழுதிய பழையவர், increase என்பதைச் சுருக்கி INCR என்று எழுதினால் I வந்துவிடும் என்றுதான் முன்னால் X போட்டிருக்கிறார். ஏன் போட்டேன் என்று ஒரு வரி எழுதி வைக்க அவருக்குக் கை வரவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வினோதினி X-ஐத் தூக்கிவிட்டு நீர் என்று வைத்தாள். N. நாளைக்கு முக்கால் அடி ஏறும் என்று கணக்கு வந்தால் அந்த முக்காலை வெட்டிவிட்டுப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டது நிரல். வெட்டினால் எப்போதும் குறையத்தான் செய்யும், ஒருநாளும் கூடாது. வட்டவிதானை கேட்ட ஒருபக்கப் பிழைக்கு அதுதான் பதில். அவள் படித்த புதிய மொழிகளில் பெயர் வெறும் பெயர்தான். பெயரின் முதலெழுத்துக் கணக்கை மாற்றும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆனால் இதை நான் வாயால் சொன்னால் அந்த அறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். எனவே வட்டவிதானையைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணன், வாவிக்குள்ள வாறத நீங்க என்னண்டு சொல்லுவீங்க?"

"என்னண்டு சொல்லுற? தண்ணியெண்டுதான்."

NEER இருந்த இடமெல்லாம் THANNI என்று அடித்தேன். வேறொன்றையும் தொடவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட விட்டேன். ஏறாது என்றிருந்த வாவி ஏறியது.

வட்டவிதானை ஒரு அடி பின்னால் போனார்.

"இதென்ன சூனியமா? நான் சொன்னா ஏறுது. அவங்க ஒரு பேரச் சொன்னா இறங்குமா?"

"சொல்லிப் பாக்கட்டும்" என்றேன்.

வினோதினியின் அண்ணன் யோசித்தார். "வெள்ளம் எண்டு போடுங்க."

VELLAM என்று போட்டேன். தண்ணிக்கு வந்த அதே கணக்கு, ஒரு புள்ளி மாறவில்லை. மறுபடியும் NEER என்று போட்டேன். பூச்சியம். அப்போதுதான் நான் முதலெழுத்து விசயத்தைச் சொன்னேன். கண்ணால் கண்ட பிறகு சொன்னதால் கேட்டார்கள். வட்டவிதானை வினோதினியைப் பார்த்த பார்வை கொஞ்சம் இளகியது.

"நாங்க எந்தக் காலத்தில மகள் நீரெண்டு சொன்ன? எங்கட வாயில வாற மாதிரி எழுதியிருக்கலாமே."

தண்ணி என்று எழுதியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். ஊராருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நல்ல தமிழ் எழுதப் போய் அகப்பட்டாள்.

பொறுப்பதிகாரி திரையைக் குனிந்து பார்த்தார். THANNI என்று திருப்பி வைத்த கணக்கிலும் வாவி வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நின்றது. "அப்ப சரி. கோட்டத் தாண்டல்ல. இண்டைக்குப் பெக்கோ தேவையில்ல" என்றார். அண்ணனுக்கு மூச்சு வந்தது. வட்டவிதானைக்குத் திருப்தியில்லை, ஆனால் கண் முன்னால் நடந்த கணக்கை ஏற்றுக்கொண்டார். எல்லோரும் எழும்பினார்கள். நானும் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். பிழையைக் கண்டுபிடித்தாயிற்று, பிள்ளையின் பெயரிலிருந்த கறையும் போயிற்று.

பிள்ளையளே, இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க ஒன்றையும் நம்பாத நான், எனக்குப் பிடித்த விடை கைக்கு வந்ததும் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டேன்.

வினோதினி எழும்பி வந்தாள்.

"மிஸ், கொஞ்சம் கதிரய விடுங்க."

உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பெயரின் முதலெழுத்திலும் விரலை வைத்து வைத்து வந்தாள். உதடு அசைந்தது. அவளுக்கு அன்று விடுதலை கிடைத்துவிட்டது. வேலை போகாது. அண்ணனின் வலைக்கும் கேடில்லை. அவள் விரலைப் பாதியில் எடுத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இன்னும் ஒண்டு கிடக்கு மிஸ்."

MALAI. மழை. ஆங்கில எழுத்தில் ழ இல்லாமல் மலையாகிக் கிடந்தது. M-உம் I முதல் N வரைக்குள் வருகிற எழுத்துத்தான். முன்பு RAIN என்று இருந்ததாம். அதில் X இல்லாததால் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பழைய நிரல் என்பதால் மழை அங்குலத்தில் இருந்தது. இரண்டே முக்கால் அங்குலம் பெய்தால் இரண்டு என்று எடுத்துக்கொண்டு மேலே கணக்குப் போட்டிருக்கிறது.

அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அவர் மற்றவர்களைப் பார்க்கவில்லை, தங்கச்சியை மட்டும் பார்த்தார்.

"வினோ, விளங்கித்தான் சொல்லுறயா? எங்கட வலையெல்லாம் வாவிக்குள்ளதான் கிடக்கு. இறால் இன்னும் விரலளவுக்கும் வரல்ல."

"விளங்கித்தான் சொல்லுறன் அண்ணன்."

அவள் வட்டவிதானையிடம் திரும்பினாள். "ஐயா, மழைய நீங்க வேற என்னண்டும் சொல்லுவீங்களா?"

"மழைய மழையெண்டுதானே மகள் சொல்லுற" என்றார் அவர். குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது.

அவள் முன்னால் ஒரு X போட்டாள். XMALAI. சரியாக ஆறு எழுத்து. ஓட விட்டாள். வாவி கோட்டைத் தாண்டியது.

பொறுப்பதிகாரி தொலைபேசியை எடுத்து ஆற்றுவாய்க்குப் பெக்கோவை அனுப்பச் சொன்னார். அண்ணன் மழைக்குள் இறங்கிப் போனார். வலைகளை எடுக்க அவருக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

வட்டவிதானை கதவடியில் நின்றார். போவாரோ என்று பார்த்தேன், போகவில்லை.

"பிள்ள, போன மழைக்கு எங்கட வட்டைக்குள்ள ஏறின தண்ணி?"

"அது என்னாலதான் ஐயா" என்றாள் வினோதினி. "நான் பேர மாத்தினதாலதான். மாத்திப்போட்டுப் பழைய கணக்கோட ஒத்துப் பாக்கல்ல."

அவர் என்ன ஏசப் போகிறாரோ என்று காத்து நின்றேன். அழுகிய வேளாண்மை திரும்பி வராது, அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"சரி. நீ பொய் சொல்லல்ல" என்றார். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

அறிக்கையை நான் எழுதிக் கொடுத்தேன், பொறுப்பதிகாரிக்குப் பிடிக்கவில்லை. சோதிக்காமல் மாற்றியது வினோதினியின் பிழை, சோதிக்காமல் வாங்கிக்கொண்டது அவருடைய பிழை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். எல்லாப் பெயரையும் அறிவித்து வைத்து, நிரலின் தலையில், அறிவிக்காத எந்தப் பெயரையும் ஊகிக்காதே என்று கட்டளை வரி ஒன்றும் போட்டுவிட்டு வந்தேன். போர்ட்ரானின் நம்பிக்கையை அங்கே நிறுத்தியாயிற்று.

நான் புறப்படும்போது வினோதினி குடையோடு வாசல்வரை வந்தாள். கேட்கவா விடவா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், நீங்களும் என்னச் சந்தேகப்பட்டீங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

"ஓம் பிள்ள" என்றேன். "அதாலதான் வாசிச்சன்."

அவள் குடையை விரித்து என் கையில் தந்தாள்.

"நானும் அப்பிடித்தான் மிஸ்" என்றாள். "எனக்கும் என்னில சந்தேகம் வந்ததாலதான் மறுகா வாசிச்சன்."